லோயி புல்லர் அம்மையார்

ஓவியன் மறைந்தபின் அவன் தீட்டிய படம் நிற்கின்றது. புலவன் மறைந்தபின் அவன் நூல் நிற்கின்றது. சிற்பி செதுக்கிய கல்லோ பல தலைமுறைகளைக் காண்கின்றது. ஆடுவோர் கலை அத்தகையதன்று. திரை வீழ்ந்த கணத்திலேயே அது மறைந்தொழிகின்றது. ஆடுபவர் ஒளியையே தமக்குக் கருவியாகக் கொள்வாராயின், அக்கலை மறையும் விரைவைக் கூறவும் வேண்டுமோ? அவ்வாறு நில்லாத பொருளைக் கொண்டு முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து, ஐரோப்பா முழுவதும் தம் பெயரை அறியச் செய்த ஒரு பெண்மணியின் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

அவர் லோயி புல்லர் என்னும் அமெரிக்க மாது. நடனம், பட்டு, மின்சார விளக்கு, நிறக்கண்ணாடி, மாயவிளக்குப் படம், இசை, இரசாயனம் ஆகிய பலவற்றையும் ஒரே மேடையில் ஒன்றுபடுத்திக் காட்டியவர். பல கருவிகளை இணைத்துப் புதுமை காட்டும் இக்கால மேடைக் கலைஞர்க்கெல்லாம் அவரை முன்னோடி எனல் மிகையாகாது. அவருடைய வாழ்க்கை நெடுகிலும் ஒரு வினா அவரைத் தொடர்ந்து வந்தது. ஒருவர் அரிதிற் கண்டறிந்ததைப் பிறர் எடுத்துத் தமதெனக் காட்டுவாராயின், கண்டறிந்தவர்க்கு எஞ்சுவது யாது என்பதே அவ்வினா. அதற்கு அம்மையார் சொல்லாலன்றிச் செயலால் அளித்த விடையே இச்சரித்திரத்தின் பயன் என்று கருதுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சிக்காகோ நகரத்தை அடுத்த புல்லர்ஸ்பர்க் என்னும் சிற்றூரில், 1862-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அம்மையார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மேரி லூயிஸ் என்பது. லோயி என்பது பின்னர் மேடைக்கென அமைந்த பெயர். அது கடுங்குளிர்க் காலமாதலின், கணப்பிட்டுச் சூடேற்றப்பெற்றிருந்த சத்திரத்து நடனக்கூடத்திலேயே தாம் பிறக்க நேர்ந்ததென்றும், அன்று பிடித்த சளி தம்மை ஆயுள் முழுதும் விடவில்லையென்றும் அவர் தம் சுயசரிதத்தில் நகைச்சுவை தோன்றக் கூறியுள்ளார்.

சிறு பிராயத்திலேயே அவர் மேடையேறினார். சிறுமியாயிருந்தபொழுதே மதுவிலக்கைக் குறித்துப் பிரசங்கம் செய்ததும் உண்டு. பின்னர்ப் பல நாடகக் குழுவினருடன் ஊர் ஊராகச் சென்று, கிடைத்த வேடத்தை ஏற்று நடித்தார், பாடினார். நடனம் பயிற்றும் ஆசிரியரிடம் முறையாகக் கற்றவரல்லர். உடற்கட்டும் நடனமாதர்க்கு உரியதென உலகோர் எண்ணும் வகையினதன்று. சற்றுப் பருத்த, குறுகிய உருவம். இருபத்தொன்பது வயதுவரையில் அவர் பெயரைத் தனித்துச் சொல்லத்தக்க காரணம் ஒன்றும் ஏற்படவில்லை. இதனை இளைஞர் நினைவில் இருத்துதல் நலம்.

பட்டுப் பாவாடையும் மாலை வெயிலும்

1889-ஆம் ஆண்டில் அம்மையார் இலண்டன் மாநகர் சென்று அங்குள்ள நாடகசாலைகளில் நடித்தார். அக்காலத்தில் அந்நகரத்து மேடைகளில், அகன்ற பாவாடையைக் கையாற் பற்றி வீசி ஆடும் ஒருவகை ஆடல் பெருவழக்காயிருந்தது. அவர் அதனைக் கண்டிருந்தார் என்பதை மறைத்தல் நியாயமன்று. எந்தக் கலைஞரும் தம் கலையை வெறுவெளியினின்று கொணர்வதில்லை. ஆனால், கண்டதோடு நின்றவர் பலர்; கண்டதற்கு அப்பாற் சென்றவர் இவரொருவரே.

1891-ஆம் ஆண்டில் தாய்நாடு மீண்ட அவருக்கு ஒரு நாடகத்திற் சிறு வேடம் கிடைத்தது. வைத்தியர் ஒருவர் மனோவசியத்தால் ஒரு பெண்ணைத் தம் வயப்படுத்துவதாக ஒரு காட்சி. அதற்கேற்ற ஆடை தேடுகையில், அறிமுகமான ஆங்கிலப் படையதிகாரி ஒருவர் இந்தியாவிலிருந்து அனுப்பியிருந்த மெல்லிய பட்டுப் பாவாடை பெட்டியிற் கிடைத்ததாக அவர் எழுதியுள்ளார். ஆடையோ உயரத்திற்கு மிக நீண்டது. காலில் சிக்காதிருத்தற்பொருட்டு அதனை இரு கைகளாலும் உயரத் தூக்கிக்கொண்டு மேடையில் அங்குமிங்கும் ஓடினார். அவையோர் அதில் ஒருகால் வண்ணத்துப்பூச்சியையும், ஒருகால் மலரையும் கண்டு ஆரவாரித்தனர்.

தற்செயலாய்ப் பெற்ற கைதட்டலோடு மனநிறைவு கொண்டு ஓய்ந்திருப்பவர் பலர். அம்மையாரோ அதன் காரணத்தைத் தேடத் தொடங்கினார். ஒரு மாலைப்பொழுதில் தம் அறையிற் பெரிய கண்ணாடியின் முன் அவ்வாடையை உடுத்து நின்றபொழுது, மஞ்சள் நிறத் திரைச்சீலையின் வழியே வந்த வெயில் பட்டினூடே பாய்ந்தது. கையை மெல்ல அசைத்தார். ஒரு வடிவம் தோன்றியது. வேறு வகையாய் அசைத்தார். வேறு வடிவம் தோன்றியது. அவையோரைக் கவர்ந்தது தம் காலுமன்று, முகமுமன்று. அசையும் துணியில் விழும் ஒளியே என்பது அப்பொழுது அவருக்கு விளங்கிற்று. ஒவ்வோர் அசைவையும் எண்ணிட்டுப் பயின்று, இன்ன அசைவிற்கு இன்ன ஒளி என வகுத்துப் பன்னிரண்டு நடனங்களாக அமைத்துக்கொண்டார். இன்று அறிவியற் கூடத்தில் மாணவர் செய்யும் சோதனைக்கும் இதற்கும் யாதொரு வேறுபாட்டையும் யாம் காணவில்லை.

நியூயார்க்கில் நிகழ்ந்த வழக்கு

1892-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரத்துக் காசினோ நாடகசாலையில் இப்புது ஆடல் அரங்கேறிற்று. அரவம் நெளிவதுபோலப் பட்டு வளைந்து நெளிந்தமையால், நெளிவு நடனம் என்று அது பெயர் பெற்றது. கண்டோர் வியந்தனர். ஆனால் அவ்வியப்பு அடங்குமுன்னரே வேறொரு நடிகை அதே ஆடையும் அதே அசைவும் கொண்டு அதே நகரத்தில் ஆடத் தொடங்கினார்.

அம்மையார் முன்யோசனையுடையவராதலின், தம் நடனத்தின் பகுதிகளை எழுத்தில் விவரித்துப் பதிப்புரிமைக்குப் பதிவு செய்திருந்தார். அவ்வுரிமையைக் கொண்டு பெமிஸ் என்னும் அந்நடிகைமீது வழக்குத் தொடுத்தார். 1892-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் நீதிபதி லாகோம் என்பார் தீர்ப்புக் கூறினார். நாடகமென்றால் கதை வேண்டும், பாத்திரம் வேண்டும், ஓர் உணர்ச்சியையேனும் காட்டல் வேண்டும். இந்நடனத்திலோ அழகிய அசைவும், துணியின் அமைப்பும், ஒளியும் நிழலுமேயன்றி வேறில்லை. ஆகலின் சட்டம் இதனைக் காவாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. வழக்குத் தோற்றது.

நீதிபதியைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. அக்காலச் சட்டம் அவ்வளவே இடந்தந்தது. எனினும், எது இக்கலையின் உயிரோ அதுவே இது கலையன்று என்பதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது என்பதை நோக்குங்கால் வருத்தம் தோன்றாமற் போகாது. நடன அமைப்பு என்பதைப் பெயர் சுட்டிக் காக்கும் சட்டம் அமெரிக்க நாட்டில் 1976-ஆம் ஆண்டிலேதான் இயற்றப்பட்டது. அம்மையார் தோற்று எண்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்தபின் வந்த நீதி அது.

பாரிஸ் மாநகரம்

அதே ஆண்டில் அம்மையார் தம் தாயுடன் ஐரோப்பா சென்றார். பாரிஸ் நகரத்துப் பெருமை வாய்ந்த ஒப்பெரா அரங்கில் ஆடவேண்டுமென்பது அவர் வேட்கை. அங்கு இடங்கிடைக்கவில்லை. கழைக்கூத்தும் வேடிக்கைப் பாட்டும் நிகழும் பொலீ பெர்ழேர் என்னும் கேளிக்கையரங்கை நாடிச் சென்றார். ஆங்கு அவரை எதிர்கொண்டது யாது? அமெரிக்காவிலிருந்து முன்னரே வந்து சேர்ந்த மற்றொரு மாது, நெளிவு நடனத்தை அம்மேடையில் ஆடிக்கொண்டிருந்தார்! தாம் பெற்ற பிள்ளையைப் பிறர் வீட்டிற் கண்ட தாயின் நிலை அது.

அம்மையார் வாதாடவில்லை, மேடையேறி ஆடிக் காட்டினார். அரங்கத் தலைவர் இரண்டிற்குமுள்ள வேறுபாட்டைக் கண்ட அளவிலேயே இவரை ஏற்றுக்கொண்டார். 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் இவர் அவ்வரங்கில் தம் பெயராலேயே அரங்கேறினார். சில நாட்களுக்குள் பாரிஸ் நகரமே இவரைப் பற்றிப் பேசிற்று. கவிஞர் மல்லார்மே இவருடைய ஆடலை ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். துலூஸ் லோட்ரெக் என்னும் ஓவியர் 1893-இல் கல்லச்சில் இவருருவைப் பதித்து, நிறங்கள் மாறிக்கொண்டேயிருக்கும் அந்நடனத்தை ஒருநிறத்தில் அடக்கலாகாமையின், ஒவ்வொரு பிரதிக்கும் வேறு வேறு நிறம் தீட்டினார். ராவுல் லார்ஷ் என்னும் சிற்பி, தலைக்குமேற் சுழன்றெழும் துகிலினுள் மின்விளக்கை மறைத்து வைத்து இவருருவை மேசை விளக்காகவே வார்த்தார். சிற்பக்கலை மன்னர் ரோதேன் இவருக்கு நண்பரானார்.

மேடையின் அமைப்பு

இனி அவர் கையாண்ட முறையைச் சிறிது விளக்குவோம். அக்காலத்து நாடகசாலைகளில் அவையோர் இருக்கும் பகுதியிலும் விளக்குகள் எரிந்துகொண்டிருத்தல் வழக்கம். அம்மையார் அவற்றை முற்றும் அணைக்கச் செய்தார். மேடையின் பின்புறமும் பக்கங்களும் கருந்துணியால் மூடப்பட்டன. அவ்விருளின் நடுவே நூற்றுக்கணக்கான கெஜம் பட்டால் அமைந்த ஆடையுடன் அவர் நிற்பார். ஆடையினுள் நீண்ட, இலேசான கழிகள் இருபுறமும் மறைந்திருக்கும். அவற்றைக் கையிற் பற்றி வீசுங்கால் பட்டு அவர் தலைக்கு மேலே பல அடி உயர்ந்தெழும்.

பக்கங்களிலும் மேலிடங்களிலும் மின்சார விளக்குகளை இயக்குவோர் நிற்பர். விளக்கின் முன்னே நிறக்கண்ணாடிகள் பதித்த சக்கரங்கள் சுழலும். மாயவிளக்கால் படங்களும் பட்டின்மீது வீழ்த்தப்படும். விளக்காளர்க்கு அவர் ஆடிக்கொண்டே குறிப்புக் காட்டுவார். அவர்களும் இசைவாணரைப்போல் காலங்கணித்து நிறம் மாற்றுவர். ஆடுபவர் ஒருவரே எனினும் ஆட்டம் பலருடையது. இதனை அம்மையார் அறிந்து, விளக்காளரைத் தாமே நாள்தோறும் பயிற்றினார்.

பதிப்புரிமைச் சட்டம் கைவிட்ட அவர் மற்றொரு வழியைத் தேர்ந்தார். நடனத்தைக் காக்க இயலாதெனின் அதன் கருவிகளைக் காக்கலாமன்றோ? 1893 முதல் 1895 வரையில் பிரான்சிலும் அமெரிக்காவிலும் பேட்டண்டு உரிமைகள் பெற்றார். கழிகளோடு கூடிய ஆடைக்கு ஒன்று. கண்ணாடிகளைக் கோணமாக நிறுத்தி, ஆடும் ஒருவரைப் பலராகத் தோன்றச் செய்யும் அமைப்பிற்கு ஒன்று. மேடைத்தளத்திற் கண்ணாடி பதித்துக் கீழிருந்து ஒளியேற்றும் அமைப்பிற்கு ஒன்று. நடனமாது ஒருவர் இயந்திர நூலறிஞரைப்போல் வரைபடம் கொடுத்து உரிமை பெற்றது அந்நாளில் அரிய செய்தியே.

தோல்வியும் தீயும்

எடுத்த செயல் யாவும் அவருக்குக் கைகூடிற்று என்று எண்ணற்க. 1895-ஆம் ஆண்டில் சலோமே என்னும் நாடகத்தை அவர் பாரிஸில் நடத்தினார். சிறிய அரங்கு, அவையோர் அண்மையில் இருந்தனர். ஒளியினூடே வானத்துப் பொருளாய்த் தோன்றியவர், அங்கே வியர்வை ஒழுக உழைக்கும் பருத்த மாதாகக் காணப்பட்டார். நாடகம் தோல்வியுற்றது. ஆனால் அத்தோல்வியினின்றும் ஒரு பொருள் மிஞ்சிற்று. கீழிருந்து கண்ணாடியின் வழியே செவ்வொளி பாய, பட்டு முழுவதும் கொழுந்துவிட்டெரிவதுபோல் தோன்றும் தீ நடனம் அது. அவர் தம் நடனங்களிற் புகழால் முதன்மை பெற்றது அதுவே.

இப்புகழுக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. பெருவிளக்குகளின் கூரொளி கண்களை வருத்திற்று. கனத்த பட்டையும் கழிகளையும் இரவுதோறும் வீசிய தோள்கள் நோயுற்றன. வந்த பணம் புதிய சோதனைகளுக்கே செலவாகிப் பலமுறை கடனில் ஆழ்ந்தார்.

பிறர்க்கு இடந்தந்தமை

1900-ஆம் ஆண்டில் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அம்மையார்க்கெனவே ஓர் அரங்கு எழுந்தது. ஆன்றி சோவாழ் என்னும் கட்டடக் கலைஞர் அதனை அமைத்தார். அவ்வரங்கைத் தமக்கே உரியதாக்கிக் கொள்ளாமல், ஜப்பான் நாட்டு நடிகை சதா யாக்கோவையும் அவர் கணவர் கவகாமியின் குழுவினரையும் அங்கு நடிக்கச் செய்தார். ஜப்பானிய நடிப்பை ஐரோப்பியர் பலர் முதன்முதற் கண்டது அங்கேதான். 1902-இல், இன்னும் பெயர் பெறாதிருந்த இசடோரா டங்கன் என்னும் இளம் நடனமாதைத் தம்முடன் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்தினார். அவர் விரைவில் இவரை நீங்கித் தனிவழி சென்று பெரும்புகழ் எய்தினார். தம் கலையைப் பறிகொடுத்து வருந்திய ஒருவர், பிறர் கலைக்குத் தம் மேடையையும் பொருளையும் ஈந்தாரென்பது அவர் உள்ளத்தின் பெருமையைக் காட்டும்.

ரேடியமும் கியூரி குடும்பமும்

அம்மையார் சொந்தமாக ஒரு சோதனைக்கூடம் வைத்திருந்தார். இருளில் தாமே ஒளிரும் உப்புக்களைத் துணியில் ஏற்றுவது அங்கு நிகழ்ந்த முயற்சி. ஒருமுறை வெடி நேர்ந்து அவர் முடி கருகியதும் உண்டு. வானநூலறிஞர் பிளமாரியன் அவருக்கு நண்பர். பிரெஞ்சு வானசாஸ்திரச் சங்கத்தில் அவரும் ஓர் உறுப்பினராயிருந்தார்.

கியூரி தம்பதிகள் 1898-இல் கண்டறிந்த ரேடியம் இருளில் ஒளிர்வதென்று கேள்வியுற்ற அவர், வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளை அப்பொருளால் அமைக்கலாகுமோ என்று வினவி அவர்களுக்கே கடிதம் எழுதினார். அது நடைமுறைக்கு ஒவ்வாதென்பதை அவ்வறிஞர்கள் அன்போடு எடுத்து விளக்கினர். நன்றிக்கு அறிகுறியாக, அம்மையார் விளக்காளர் கூட்டத்துடன் அவர்கள் இல்லத்திற்கே சென்று, சிறிய உணவறையை ஒரு நாள் முழுதும் முயன்று மேடையாக்கி, அன்றிரவு அவர்களுக்காகவே ஆடினார். அன்று தொடங்கிய நட்பு நீடித்தது. ரோதேனைக் கியூரி தம்பதிகளுக்கு அறிமுகப்படுத்தியவரும் இவரே. 1904-ஆம் ஆண்டில் அவர் மேடையேற்றிய ரேடிய நடனத்தில் ஒளிர்ந்தவை ரேடியமல்ல; ஒளிரும் வேறு உப்புக்களே. ரேடியத்தின் கொடுமையை உலகம் பின்னரே முற்றும் உணர்ந்தது. அறிஞர் சொல்லைக் கேட்டு அடங்கியதால் அவர் உயிரும் பிழைத்ததென்று கூறலாம்.

பிற்காலம்

1908-இல் அவருடைய சுயசரிதம் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. அனத்தோல் பிரான்சு என்னும் எழுத்தாளர் அதற்கு முன்னுரை வழங்கினார். தம் உடல் தளரத் தொடங்கவே, இளம்பெண்களைத் திரட்டிப் பயிற்றி அவர்கள் வாயிலாகத் தம் கலையை நடத்தினார். ருமேனிய நாட்டு அரசி மேரி எழுதிய கதையைக் கொண்டு 1921-இல் ஒரு சலனப்படம் எடுத்தார். அதில் வெண்மையைக் கருமையாகவும் கருமையை வெண்மையாகவும் மாற்றிக் காட்டியும், அசைவை மெதுவாக்கியும் புதுமை செய்தார். அமெரிக்காவில் வாசிங்டன் மாகாணத்து மேரிகில் அரும்பொருட்சாலை தோன்றவும், ரோதேனின் சிற்பங்கள் அங்குச் சேரவும் அவர் தூண்டுதலே காரணம்.

1928-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், பாரிஸ் நகரில் நுரையீரற் சுரத்தால் அம்மையார் காலமானார். அவருடைய சாம்பல் பேர் லசேஸ் இடுகாட்டில் வைக்கப்பட்டுள்ளது. முப்பது ஆண்டுகாலம் அவருடன் வாழ்ந்து பணியாற்றிய தோழி காப்ரியேல் பிளாக் அக்குழுவைப் பின்னும் நடத்தி வந்தார்.

எஞ்சியது யாது?

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இப்பொழுது வருவோம். நெளிவு நடனத்தைக் காட்டும் பழைய சலனப்படங்கள் இன்றும் உள்ளன. எடிசனின் தொழிற்கூடத்திலும் லுமியேர் சகோதரராலும் எடுக்கப்பட்டு, கையால் நிறம் தீட்டப்பெற்றவை அவை. அவற்றில் ஆடுவோர் லோயி புல்லர் அல்லர். அவரைப் பார்த்து ஆடியவர்களே! போலிகள் படத்தில் நிலைத்துவிட்டனர், மூலமோ மறைந்துபோயிற்று. இதனினும் கொடிய விதி வேறு உண்டோ என்று நாம் வருந்துதல் இயல்பு.

ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்குவோமாக. ஆடையைப் பார்த்துத் தைத்துக்கொள்ளலாம். கையசைவையும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அடுத்து வருவதை எங்ஙனம் பார்த்து எழுதுவது? பிறர் நெளிவு நடனத்தைக் கற்று முடிக்குமுன் அம்மையார் தீ நடனத்திற்குச் சென்றுவிட்டார். அவர்கள் தீயைக் கற்குமுன் கண்ணாடி அறைக்கும், ஒளிரும் உப்புக்கும், சலனப்படத்திற்கும் சென்றுவிட்டார். வழக்கில் தோற்றவர் வழியில் தோற்கவில்லை. பக்கத்து மாணவரின் சோதனைக் குறிப்பேட்டைப் பார்த்து எழுதும் வழக்கமுடைய நம் இளைஞர் சிலரும், அவ்வாறு தம் குறிப்பேட்டைப் பறிகொடுத்து மனம் நொந்த சிலரும், இதனைச் சிறிது சிந்திப்பாராக.

மேலும், அவர் செய்தது முற்றும் மறைந்ததுமன்று. ஆண்டு விழாவன்று நம் கல்லூரி மண்டபத்தில் நாடகம் தொடங்குமுன் விளக்குகள் அணைகின்றன, பேச்சொலி அடங்குகின்றது, கருந்திரையின் முன் நிறவொளி ஒன்று மெல்ல விழுகின்றது. அங்ஙனம் செய்தலே இயல்பு என நாம் எண்ணுகின்றோம். அவ்வழக்கத்தை வேரூன்றச் செய்தோருள், சளி பிடித்த உடம்போடும் நொந்த கண்களோடும் உழைத்த இவ்வம்மையார் முன்வரிசையில் நிற்கின்றார். அடுத்த முறை நம் மண்டபம் இருளும்பொழுது அவரை ஒருகணம் நினைப்போமாக.